அம்மாவின் துக்கத்துக்கு ஐயரிடம் போவதா, மனநல டாக்டரிடம் போவதா?

நாசரேத்துப் பெண்

எல்லாருக்கும் வணக்கம். அப்பா இறந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அம்மா இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூக்கம் இல்லை, விடிவதற்கு முன்பே எழுந்து கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறார், ஆனால் பாட்டு மட்டும் பாடுவதில்லை. பாமாலைப் புத்தகத்தைத் திறக்காமலே பாடக்கூடியவர் அவர். கேட்டால் ஒரே பதில்தான்: "ஆண்டவர் என்னைத் தண்டிச்சிட்டாரு." எதற்குத் தண்டனை என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை.

சொந்தக்காரர்கள் வந்தால் "விசுவாசத்துல நில்லு, அழக்கூடாது" என்று சொல்லிவிட்டு காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். அண்ணன் பெங்களூரில் இருக்கிறான், சைக்யாட்ரிஸ்டிடம் உடனே கூட்டிப் போ, சாமியார் வேலையெல்லாம் வேண்டாம் என்கிறான். என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் கவுன்சிலிங் படித்த ஐயர் (சபைப் போதகர்) ஒருவர் திருநெல்வேலியில் இருப்பதாகச் சொன்னார். அங்கே போனால் என்னதான் செய்வார்கள்? ஜெபம் பண்ணி அனுப்புவதற்கு எங்கள் ஊர் ஐயரே போதாதா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

வேலூர்வாசி

தங்கச்சி, நான் மருத்துவமனைச் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்குத் துணையாக இருக்கும் போதகராக, வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேர்ப் பதில்: போதகர் செய்யும் ஆலோசனையில் ஜெபம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வருகிறவர் விரும்பினால் உண்டு. வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில், ஒரே அறையில், ஏறத்தாழ முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்பதுதான் அதில் முக்கால்வாசி. பேசுகிறவரின் துக்கத்துக்குள் கடவுள் எப்படித் தெரிகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்கிறோம். அங்கேதான் மற்ற கவுன்சிலிங்குக்கும் இதற்கும் வித்தியாசம்.

இதைச் சும்மா நல்ல மனசு இருந்தால் செய்துவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன் என்று ஒரு பயிற்சி இருக்கிறது, சுருக்கமாக சி.பி.இ. என்போம். வார்டில் நோயாளியோடு பேசிவிட்டு வந்து அந்த உரையாடலை ஞாபகத்திலிருந்து வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும், அவர் சொன்னது, நாம் சொன்னது, நடுவில் அமைதியாக இருந்த நேரம் உட்பட. பிறகு குழுவில் வாசிக்க வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு மாணவர் வாசித்தது இன்னும் நினைவில் இருக்கிறது. சிறுநீரகம் பழுதான பெரியவர் ஒருவர் "ராத்திரிதான் தம்பி கஷ்டம்" என்றிருக்கிறார். மாணவர் உடனே "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை, ஐயா" என்று பைபிளின் சங்கீதம் 121-ஐச் சொல்லிவிட்டார். பெரியவர் "ஆமா தம்பி" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், பேச்சு அதோடு முடிந்தது. மேற்பார்வையாளர் திட்டவில்லை. "ராத்திரியில் அவருக்கு என்ன நடக்கிறது?" என்று மட்டும் கேட்டார். மாணவருக்குத் தெரியவில்லை. மறுநாள் போய் அதையே பெரியவரிடம் கேட்டார். விளக்கை அணைத்ததும் மகளுடைய கல்யாணக் கடனை நினைத்து மூச்சு முட்டுகிறது என்று ஆரம்பித்த அவர் வெகுநேரம் பேசினாராம், கடைசியில் அதே சங்கீதத்தை வாசிக்கச் சொன்னதும் அவர்தான். வசனம் ஒன்றுதான், முதல் நாள் அது வாயை அடைத்தது, இரண்டாம் நாள் ஆறுதலாக இருந்தது.

செங்கைக்காரன்

வேலூர்வாசி எழுதியது நன்றாக இருக்கிறது, ஆனால் நடைமுறையில் எத்தனை பேர் இந்தப் பயிற்சி பெற்றவர்கள்? என் சித்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷமாக மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்தவர். ஒரு சபையில் (பெயர் வேண்டாம்) "மாத்திரையைத் தூக்கிப் போடு, அது அவிசுவாசம்" என்றார்கள். நிறுத்தினார். பழையபடி குரல்கள் கேட்க ஆரம்பித்தன, அதற்குப் "பிசாசு" என்று பெயர் வைத்து உபவாச ஜெபத்தில் உட்கார வைத்தார்கள். மறுபடி மருத்துவமனையில் சேர்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்குள் குடும்பமே ஓய்ந்துபோனது.

இது ஒரு மதத்தின் பிரச்சினை மட்டும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் செத்தார்கள். தர்காவுக்கு வந்தால் குணமாகும் என்று நம்பிக் குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுப் போனவர்கள் அவர்கள். அதனால்தான் நம்பிக்கையால் குணம் என்று யாராவது சொன்னாலே எனக்குக் கோபம் வருகிறது. சகோதரி, உங்கள் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள்.

வேலூர்வாசி

செங்கைக்காரன் சார், உங்கள் சித்திக்கு நடந்தது கொடுமை. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் எந்த ஆலயத்தில் நின்று சொன்னாலும் அவரிடமிருந்து விலகிவிட வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஆனால் இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஆன்டன் பாய்சன் என்று ஓர் அமெரிக்கப் போதகர். 1920-இல் அவருக்கே கடுமையான மனநோய் வந்து ஓராண்டுக்கும் மேல் மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தார். அப்போது அவர் கண்டது, உடம்பைப் பார்க்க டாக்டர்கள் இருந்தார்கள், ஆனால் உள்ளே தனக்கு என்ன நடக்கிறது, அதில் கடவுளுக்கு என்ன இடம் என்று கேட்க ஒருவரும் இல்லை. குணமாகி 1924-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் சாப்ளினாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை அங்கே கொண்டுவந்து, புத்தகத்தைப் படிப்பது போலவே நோயாளிகளையும் கவனமாகப் படியுங்கள், அவர்கள் உயிருள்ள ஆவணங்கள் என்றார். சி.பி.இ. அங்கே பிறந்ததுதான். மருத்துவமனைக்குள், டாக்டர்களோடு சேர்ந்து வேலை செய்யும் இடத்தில். மருத்துவத்துக்கு எதிராக வந்தது இல்லை.

தங்கச்சி, அம்மாவுக்குத் தூக்கமும் பசியும் இவ்வளவு நாள் போயிருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை எல்லாம் பார்க்கட்டும், மனச்சோர்வு நோய் என்றால் மருந்து தரட்டும். "நானும் அவரோட போயிருக்கலாம்" என்கிற மாதிரி எப்போதாவது பேசுகிறாரா? பேசினால் அதை வாரக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள், 14416-க்கு (டெலி மனஸ், அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுகிறார்கள்.

மனவோட்டம்

நான் உளவியல் சிகிச்சை செய்கிறேன், சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. இருந்தாலும் நாசரேத்துப் பெண்ணின் அம்மா சொன்ன அந்த ஒரு வரியை யாரும் தாண்டிப் போகக்கூடாது. "ஆண்டவர் தண்டித்துவிட்டார்."

அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கஷ்டத்தில் மனிதர்கள் நம்பிக்கையை இரண்டு விதமாகப் பிடிக்கிறார்கள் என்கிறார். ஒன்று தாங்கும்: கடவுள் கூட இருக்கிறார், சபையார் இருக்கிறார்கள், இதற்குள்ளும் ஏதோ ஓர் அர்த்தம் கிடைக்கும். இன்னொன்று அரிக்கும்: கடவுள் என்னைக் கைவிட்டார், தண்டிக்கிறார், இது சாத்தானின் வேலை. 2001-இல் வந்த அவர்களுடைய ஆய்வில் 55 வயதுக்கு மேற்பட்ட கிட்டத்தட்ட 600 மருத்துவமனை நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இந்த இரண்டாவது வகைப் போராட்டத்தில் இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, நோயின் கடுமையையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், ஓரளவு அதிகமாகவே இருந்தது. ஆக, நம்பிக்கை எப்போதும் மருந்து என்பதும் தப்பு, எப்போதும் நஞ்சு என்பதும் தப்பு.

எங்கள் தொழிலில் பலர் இந்த மாதிரி வாக்கியம் வந்தால் நாகரிகமாக ஒதுங்கிவிடுவார்கள், "அது உங்கள் நம்பிக்கை" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அம்மாவுக்கு வலிக்கிற இடமே அதுதான். என்ன பாவத்துக்கு என்ன தண்டனை என்று நினைக்கிறார் என்பதைக் கேட்க, அந்த மொழி தெரிந்த ஒருவர் வேண்டும், கேட்டதும் அதிர்ச்சி அடையாதவராகவும் இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற போதகரால் அது முடியும்.

இன்னொன்று. எந்த முறை சிகிச்சையானாலும் குணமாவதில் பெரிய பங்கு சிகிச்சை தருகிறவருக்கும் பெறுகிறவருக்கும் இடையிலான உறவுக்கு உண்டு. 1979-இல் உளவியலாளர் எட்வர்ட் போர்டின் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவரும் ஒத்துப்போவது, அதற்கு என்ன செய்வது என்பதில் ஒத்துப்போவது, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. அதற்கு முன்பே 1957-இல் கார்ல் ரோஜர்ஸ், நிபந்தனை போடாமல் ஏற்றுக்கொள்வதையும், எதிரே இருப்பவரின் உள்ளத்துக்குள் நின்று புரிந்துகொள்வதையும், வேஷம் போடாமல் உண்மையாக இருப்பதையும் குணமாவதற்குத் தேவையான நிலைமைகளாக எழுதினார். இளமையில் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் படித்துவிட்டு உளவியலுக்கு மாறியவர் அவர். நிபந்தனை இல்லாத ஏற்பு என்றதும் கிறிஸ்தவர்களுக்குக் கிருபை ஞாபகம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு வருஷம் தாண்டிய துக்கம் அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று அமெரிக்க மனநோய் வழிகாட்டி நூல் 2022 முதல் சொல்கிறது, உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் என்றே வைத்திருக்கிறது. அம்மாவுக்கு அது இருக்கிறதா என்று நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மட்டுநகரான்

மட்டக்களப்பில் இருந்து எழுதுறன். எங்கட பக்கம் இதை உளவளத்துணை என்றுதான் சொல்லுவம். யுத்த காலத்தில் சனம் முதலில் போய்க் கதைத்தது ஃபாதரோடு, ஐயரோடு, கோயில் குருக்களோடு. டொக்டர்மார் இருந்ததே விரல்விட்டு எண்ணுற அளவில். யேசுசபைக் குருவான போல் (Paul) சற்குணநாயகம் இங்கே உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்தவர், 1996-இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் வந்து களிமண் பிசைஞ்சு, படம் கீறி, கதை சொல்லி விளையாடின இடம். ஞானஸ்நானம் பற்றி ஒரு பிள்ளையிடமும் ஒருவரும் கதைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது காணாமல் போனவர்களின் தாய்மாரைப் பற்றி. உடல் இல்லை, அடக்கம் இல்லை, திவசம் எப்போது செய்வது என்றும் தெரியாது. "செத்துட்டான் எண்டு ஒத்துக்கொண்டா நானே அவனைக் கொன்றதா ஆயிடும்" என்று ஒரு அம்மா சொன்னதை நான் நேரில் கேட்டனான். அவவுக்கு எந்த ஆலோசகர் என்ன விளக்கம் சொல்ல முடியும்? பக்கத்தில் இருந்த சிஸ்டர் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் மகன் போன திகதியில் அவவின் வீட்டுக்குப் போய், மகனின் பெயரைச் சொல்லி மெழுகுதிரி கொளுத்தி, அவனைப் பற்றி ஒரு கதை கேட்டுவிட்டு வருவா. இறந்தவருக்கான பூசையாகவும் இல்லை, உயிரோடு இருப்பவருக்கான நேர்த்தியாகவும் இல்லை. சிகிச்சை அறையில் செய்ய முடியாத ஒன்று இது, சடங்கு தெரிந்த ஒருவரால்தான் முடியும். அந்த அம்மா இப்ப சந்தையில் மரக்கறி விக்கிறா. துக்கம் போகவில்லை, ஆனால் ஆள் எழும்பி நடமாடுறா.

நாசரேத்துப் பெண்

எல்லாருக்கும் நன்றி, அண்ணனுக்கும் இந்த இழையை அனுப்பிவிட்டேன். டாக்டரிடம் போவது உறுதி, அதில் சண்டை முடிந்தது.

ஆனால் ஒரு பயம். எங்கள் ஊரில் ஐயரிடம் சொன்னால் அடுத்த வாரம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அது ஜெபக்குறிப்பாக வந்துவிடும். "இன்னாருடைய மனப்பாரத்துக்காக ஜெபிப்போம்" என்று பெயரோடு சொல்வார்கள். அம்மா அப்புறம் சர்ச் வாசலையே மிதிக்க மாட்டார். ரகசியம் காப்பார்கள் என்று எப்படி நம்புவது?

மெர்சி அக்கா

இந்தப் பயம் நியாயமானது, ஐயரம்மாவாக (போதகரின் மனைவியாக) நான் இதைச் சொல்கிறேன். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒருவருடைய அந்தரங்கம் ஊருக்குள் சுற்றுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். சொல்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருக்காது, அதனால்தான் அது நிற்பதே இல்லை. ஆலோசனைக்கு வருகிறவர் அனுமதி இல்லாமல் ஜெபத்தில்கூடப் பெயர் வரக்கூடாது. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குத் துன்புறுத்தல், இந்த இரண்டிலும் மட்டும் மற்றவரிடம் சொல்ல வேண்டியிருக்கும், அதையும் முதல் நாளே வருகிறவரிடம் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் சொந்தச் சபை ஐயர் நல்லவராக இருந்தாலும் தொடர்ச்சியான ஆலோசனைக்கு அவர் பொருத்தம் இல்லை என்பது என் கருத்து. ஞாயிற்றுக்கிழமை அவர் கையால் அம்மா நற்கருணை வாங்க வேண்டும், கமிட்டித் தேர்தலில் உங்கள் மாமா அவருக்கு எதிர் அணியில் நிற்கலாம், கல்யாணம் காட்சி எல்லாவற்றிலும் முகத்தைப் பார்க்க வேண்டும். இத்தனை உறவுக்கு நடுவில் மனசைத் திறப்பது கஷ்டம். வேறு ஊர், வேறு சபை நல்லது.

பெண்கள் தனியாக ஐயரைப் பார்க்கத் தயங்குவதும் உண்மை. பாதிப் பேர் எங்கள் சமையலறைக்குத்தான் வருகிறார்கள். வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள், ஹாலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் ஒரு வார்த்தை வராது. குடிகாரப் புருஷனிடம் அடி வாங்கி வந்தவளிடம் "பொறுமையாயிரு, அவருக்காக ஜெபி" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது, எனக்கு அது ஆறாத கோபம். அவளுக்கு முதலில் பாதுகாப்பான இடம் வேண்டும், 181-க்கு (பெண்கள் உதவி எண்) பேச வேண்டும். மன்னிப்பைப் பற்றி அவளாகப் பேசும் நாள் வந்தால் அப்போது பேசலாம். இறையியல் கல்லூரிகளில் போதகராகப் படிக்கிறவர்களுக்கு ஆலோசனை ஒரு பாடமாக இருக்கிறது. தினமும் இதைக் கேட்கிற ஐயரம்மாக்களான எங்களுக்கு ஒரு நாள் பயிற்சிகூடக் கிடையாது. திருமண்டலங்கள் (பல சபைகளை நிர்வகிக்கும் அமைப்புகள்) இதைச் செய்தே ஆக வேண்டும்.

செங்கைக்காரன்

மெர்சி அக்கா எழுதியதற்கு நன்றி. ஏர்வாடியைப் பற்றிச் சொன்னேன், மிச்சத்தையும் சொல்வது நியாயம். அந்தத் தீக்குப் பிறகு வழக்குகள் நடந்தன, காப்பகங்கள் மூடப்பட்டன, பின்னாளில் தர்கா பக்கத்திலேயே அரசு மனநல மருத்துவர்கள் வந்து பார்க்கும் தவா-துவா திட்டமும் வந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தர்காவுக்கு வருகிறவரை வராதே என்று விரட்டினால் அவர் வேறு எங்கோ போவார், வந்த இடத்திலேயே மருந்தும் கிடைத்தால் சாப்பிடுவார். இந்த ஏற்பாட்டை நான் எதிர்க்க மாட்டேன்.

ஒரு கேள்வி. நம்பிக்கை இல்லாதவன் ஒரு சாப்ளினிடம் வந்தால்?

வேலூர்வாசி

கேட்போம் சார், அவ்வளவுதான். வார்டில் நாங்கள் பார்க்கிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு, எதையும் நம்பாதவரும் உண்டு. படுத்த படுக்கையாக இருப்பவரை மதம் மாறச் சொல்வது அவருடைய பலவீனத்தைச் சுரண்டுவது. அதைச் செய்கிறவர் சாப்ளினாக இருக்கத் தகுதியற்றவர்.

நீங்கள் கேட்டதற்கு இதைவிட நல்ல பதில் சாட் வாராவின் கதையில் இருக்கிறது. இங்கிலாந்து ஆங்கிலிக்கன் குரு. 1935-இல் அவர் முதன்முதலாக நடத்திய அடக்க ஆராதனை 14 வயதுச் சிறுமிக்கு. மாதவிடாய் வந்ததை ஏதோ அசிங்கமான நோய் என்று நினைத்து, கேட்க ஆள் இல்லாமல் உயிரை விட்ட பிள்ளை அவள். 1953-இல் லண்டனில் தன் ஆலயத்திலேயே ஒரு தொலைபேசியை வைத்து, சாக நினைக்கிறவர்கள் கூப்பிடுங்கள் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த தன்னார்வலர்களிடமே பேசிவிட்டுப் பலர் அவரைப் பார்க்காமலே தெளிவாக எழுந்து போனார்கள். அதைக் கவனித்த வாரா, கேட்கும் வேலையைத் தன்னார்வலர்களிடமே கொடுத்துவிட்டார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. அங்கே பிரசங்கம் கிடையாது. சென்னையில் 1986-இல் தொடங்கிய சிநேகா, மட்டுநகரானின் இலங்கையில் 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ, இரண்டும் அந்த வழியில் வந்தவைதான். ஆலயத்துக்குள் பிறந்தது, மதமில்லாதவனுக்கும் பயன்படுகிறது.

திருச்சி தம்பி

இதுவரை ஆலோசனை கொடுக்கிறவர்கள்தான் பேசினீர்கள், போய்வந்தவன் நான் எழுதுகிறேன். தங்கை விபத்தில் போனபின் எனக்கு ஜெபம் வரவில்லை, கடவுள் மேல் அவ்வளவு கோபம். அதை வெளியே சொன்னால் பாவம் என்று வேறு பயம். என்னைப் பார்த்த ஃபாதர் சங்கீதம் 88-ஐ வாசிக்கக் கொடுத்தார். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக்கினீர் என்ற குற்றச்சாட்டோடு இருளிலேயே முடிகிறது. "இதுவும் பைபிள்தானே?" என்றார். அப்புறம் நானே ஒன்று எழுதி வரச் சொன்னார். கடவுளை நேருக்கு நேர் திட்டி எழுதினேன், அவர் முன்னால் சத்தமாக வாசித்தேன். அவர் கடவுளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. "தங்கச்சி பேர இன்னொரு தடவ சொல்லு" என்றார். விபத்துக்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாருமே உச்சரிக்காமல் இருந்தோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பைபிளில் எல்லாவற்றையும் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் நண்பர்களை எல்லாரும் குறை சொல்வார்கள். முதல் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்து விளக்கம் சொன்ன பிறகுதான் எல்லாம் கெட்டது. எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோதும் தேவதூதன் முதலில் கொடுத்தது சுட்ட அடையும் தண்ணீரும்தான், மறுபடி தூங்கவும் விட்டான். கேள்வியெல்லாம் அப்புறம்.

நாசரேத்துப் பெண்

திருச்சி தம்பி, உங்கள் பதிவை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சங்கீதம் 88-ஐ எடுத்துத் தரச் சொன்னார். வேலூர்வாசி அண்ணா, அந்தத் திருநெல்வேலி ஐயரைப் பார்க்கும் முன் நான் என்னவெல்லாம் விசாரிக்க வேண்டும்?

வேலூர்வாசி

எங்கே பயிற்சி எடுத்தார், நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி உண்டா, அல்லது வகுப்பறைப் படிப்பு மட்டுமா என்று கேளுங்கள். அவருடைய வேலையை இப்போது யார் மேற்பார்வை செய்கிறார்கள் என்று கேட்பது ரொம்ப முக்கியம், ஒருவரும் இல்லை என்றால் யோசியுங்கள். எந்த நிலையில் டாக்டரிடம் அனுப்புவார் என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் வர வேண்டும். குறிப்புகளை எங்கே வைக்கிறார், காணிக்கை எதிர்பார்க்கிறாரா, எத்தனை வாரம் பார்த்துவிட்டு முன்னேற்றத்தைப் பேசுவோம், எல்லாமே கேட்கலாம். கோபித்துக்கொண்டால் அவர் சரிப்பட மாட்டார்.

முதல் தடவை நீங்கள் வாசல் வரை போங்கள், உள்ளே அம்மா தனியாகப் பேசட்டும். வெளியே வந்ததும் "என்னம்மா சொன்னாரு?" என்று கேட்காதீர்கள். மருந்து ஆரம்பித்திருந்தால் அந்தச் சீட்டை ஐயரிடம் காட்டுங்கள், டாக்டரிடமும் இப்படி ஆலோசனைக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள். அம்மா சம்மதித்தால் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவது இன்னும் நல்லது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்க வேண்டும் என்றே வைத்திருக்கிறார்கள், வேலூர் வர வேண்டியிருந்தால் அதற்குத் தயாராக வாருங்கள், அண்ணனையும் விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள்.

மெர்சி அக்கா

இன்னொன்று தங்கச்சி, ஐயர் ஆணாக இருப்பதால் அம்மா தயங்கினால் பெண் போதகர்கள் இருக்கிறார்கள். கவுன்சிலிங் படித்தவர்களும் அவர்களில் உண்டு. நான் தூத்துக்குடிப் பக்கம்தான், உள்பெட்டியில் எழுதுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்.